ராஜியின் வேனுக்குக் கடிதம் வரவில்லை

1

நியூசிலாந்துக்கு வந்து இறங்கிப் பதினொரு வருடம் ஆன அன்று வீட்டில் கேக் வெட்டினோம். கேக்கை வைக்க இடம் வேண்டுமே என்று மகள் அபி பிரிட்ஜின் மேல் கிடந்ததை எல்லாம் வழித்து எடுத்தாள். பீட்சாக் கடை விளம்பரம், பல் டொக்டரின் அட்டை, போன வருடத்துக் காலண்டர். எல்லாவற்றுக்கும் அடியில் ஜன்னல் வைத்த வெள்ளை உறை ஒன்று, பிரிக்காமலே கிடந்தது.

“அம்மா, இது எப்ப வந்துச்சு?”

“மூணு வாரம் இருக்கும்.”

“ஏன் ஓப்பன் பண்ணல்ல?”

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது? இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு வீட்டு நம்பர் கிடையாது. தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். யாராவது மனது வைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஆங்கிலத்தில் இருந்தால் அப்பா அதைப் பிரிக்கவே மாட்டார். துணிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஆபிசில் இருக்கும் கிளாக்கர் ஐயா சிரித்த முகமாக இருக்கும் நாள் பார்த்து எடுத்துப் போவார். நல்ல சேதி ஆங்கிலத்தில் வராது என்பது எங்கள் லயத்தில் எல்லோருடைய முடிவு.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலந்தான். அவர்கள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவர்களுக்கும் ஏறக்குறைய விளங்கும். ஆனாலும் ஜன்னல் உறையை இன்னும் நான் பிரிப்பதில்லை. துணிப் பெட்டி இல்லாததால் பிரிட்ஜ் மேல் வைக்கிறேன், வித்தியாசம் அது ஒன்றுதான்.

அபி பிரித்துப் படித்தாள். எங்கள் வேனைத் தயாரித்த கம்பெனி எழுதியிருந்தது. பிள்ளைகள் உள்ளே இருந்து திறந்துவிடாமல் இருப்பதற்காகப் பின்பக்கத்துத் தள்ளுக்கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதை இறக்கிவிட்டால் கதவை வெளியே இருந்து மட்டுந்தான் திறக்க முடியும். அந்த லொக்குக்குள் இருக்கும் ஒரு சாமான் தேய்ந்து போகிறதாம். குமிழ் பூட்டியிருப்பதாகக் காட்டும், உள்ளே பூட்டியிருக்காது. வண்டி ஓடும்போதே பிள்ளை கதவைத் திறந்துவிடக்கூடும். உடனே கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இருந்தது.

“அப்ப வண்டியத் திருப்பிக் கேக்குறாங்களா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர், வாய் நிறையக் கேக்குடன்.

2

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிறவன் எங்கள் சின்னவன் கவின். ஐந்து வயது. கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான்.

கேக்கை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனோம். அபி வேனுக்குள் ஏறினாள். நான் குமிழை இறக்கி, வெளியே இருந்து கதவைச் சாத்தினேன். அவள் உள்ளே இருந்து கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை.

“பாத்தியா? நல்லாத்தான் இருக்கு. எறங்கு, குளிருது.”

அவள் இறங்கவில்லை. மறுபடி இழுத்தாள். திறந்து சாத்தச் சொன்னாள். மறுபடியும் இழுத்தாள். நாங்கள் இருக்கும் ஊருக்கு லோவர் ஹட் என்று பெயர். எங்கள் ஊர்ப்பக்கத்து ஹட்டனில் இருந்து புறப்பட்டு ஹட்டுக்கு வந்து சேரவா இத்தனை பாடு என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இங்கே ஜூன் மாதக் குளிர் நுவரெலியாவுக்குச் சளைத்ததல்ல. எனக்குக் காது விறைத்துவிட்டது. பதின்மூன்றாவது தடவை கதவு சுகமாகத் திறந்துகொண்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு முரண்டு இல்லை. கவின் கைதட்டினான்.

மூன்று வாரமாக அந்தக் கடிதத்துக்குக் கீழே நின்று தினமும் பால் எடுத்திருக்கிறேன். அதே கையால் இவனை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அபி கேட்டாள்.

“அம்மா, சித்தியோட வேனும் இதேதானே? சித்திக்கு யாரு லெட்டர் போடுவாங்க?”

இந்தப் பெண்ணைப் பற்றி நான் ஊருக்கெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், ரொட்டியும் சம்பலும் வைத்தால் மூக்கைச் சுளிக்கிறாள், நம்மை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று. இங்கே வந்த பிறகு சித்தியை அவள் நேரில் பார்த்தது இரண்டே தடவை. எனக்கு முதலில் வந்திருக்க வேண்டிய நினைப்பு அவளுக்கு வந்தது. அன்றோடு அந்தக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

3

ராஜி என் தங்கை. அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் இருந்து ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறாள். முன்பு அவள் வீட்டுக்காரர் ஓட்டினார். அவருக்கு முதுகு வலி வந்து கொழும்பில் கடை வேலைக்குப் போனதும், இவள் சாவியை எடுத்தாள். பொம்பளை வேன் ஓட்டுகிறாள் என்று முதல் மாதம் ரோட்டோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆறு வருடமாக ஓட்டுகிறாள். பதினான்கு பிள்ளைகள். பனிமூட்டத்தில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று வளைந்து வளைந்து போகும் அந்த ரோட்டில் ஒரு நாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவள் வேனைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நானும் அதே மாதிரி வாங்கினேன். இரண்டும் ஜப்பானில் ஓடி முடித்து, ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயும் வந்து சேர்ந்தவை.

மறுநாள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ‘சைல்ட் லொக்’ என்று சொல்லப் போனவள் அவசரத்தில் ‘சைல்ட் லொக்ட்’ என்று சொல்லித் தொலைத்தேன். அந்தப் பெண்ணுடைய குரலே மாறிவிட்டது. குழந்தை இப்போது வண்டிக்குள் இருக்கிறதா, மூச்சு விடுகிறதா, ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டாள். இல்லையம்மா, குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொல்லி அவளை ஆற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு, நான் வேன் வாங்கும்போது ராஜி அனுப்பியிருந்த பதிவுப் புத்தகப் படத்தைப் பார்த்து அவள் வேனின் சேசி நம்பரை வாசித்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

இந்த வண்டி எங்கள் நாட்டில் இல்லையே என்றாள்.

ஆமாம், இலங்கையில் இருக்கிறது, பதினான்கு பிள்ளைகள் போகிறார்கள் என்றேன்.

அவள் நல்ல பெண்தான், உண்மையிலேயே வருத்தப்பட்டாள். ஆனால் அந்த வண்டிக்குத் தன்னால் கடிதம் அனுப்ப முடியாது என்றாள். முடிந்தால் மட்டும் எந்த விலாசத்துக்கு அனுப்புவாள்? தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர், அப்பா பெயர்!

4

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ராஜியைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் ஒரு மணி. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரம். விஷயத்தைச் சொன்னேன்.

“கதவு தானா தொறந்துக்குமா? ஆறு வருசமா நாந்தானேக்கா சாத்துறேன். ஒரு நாளும் தொறந்துக்கல்ல.”

“இதுவரைக்கும் தொறக்கலன்னா இனியும் தொறக்காதுன்னு அர்த்தமாடி?”

“சரி இரு.” போனைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஏறினாள். பக்கத்து வேன்காரரை விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். மூன்று தடவை இழுத்துக் காட்டினாள். “பாரு. அசையுதா? நல்லாத்தான் இருக்கு.”

“மூணு தடவ பத்தாது ராஜி. இங்க பதிமூணாவது தடவதான் தொறந்துச்சு.”

“ஐயோ அக்கா! அங்க இருக்கவங்களுக்குத் தும்முனா டொக்டரு, இருமுனா ஸ்கேனு. நாம ரெண்டு பேரும் கொழுந்து லொறிக்குப் பின்னால தொங்கிக்கிட்டுத்தானே ஸ்கூலுக்குப் போனோம்? அதுல கதவே இல்ல. செத்தா போயிட்டோம்? லீவு வரட்டும், கராஜுல காட்டுறேன்.”

லீவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அவள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு நாள் வேன் நின்றால் போதும், பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள இன்னொரு வேன் தயாராக நிற்கிறது. ஆம்பளை ஓட்டும் வண்டியில் பழுது வந்தால் அது வண்டியின் பழுது. ராஜி வண்டியில் பழுது வந்தால் அது ராஜியின் பழுது. அதனால்தான் அவள் அந்தக் கதவைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை.

ஆனால் கொழுந்து லொறிப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. லொறியில் தொங்கிப் போனதை நாம் எல்லோரும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம், நானும் இங்கே விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னோடு படித்த மேரி அந்த லொறியில் இருந்து விழுந்தாள். அவளுக்கு இன்றைக்கும் வலது கை நேராக நிமிராது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பொய். நமக்கு ஆனதை யாரும் எழுதி வைக்கவில்லை, நமக்கு யாரும் கடிதம் போடவும் இல்லை.

5

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் பாக்கியம் மதினிக்குப் போன் போட்டேன். எங்கள் லயத்தில் அடுத்த காம்பறாவில் குடியிருப்பவர். அவர் பேரனும் ராஜி வேனில்தான் போகிறான். எனக்குப் பகல் பன்னிரண்டு என்றால் அங்கே காலை ஐந்தரை. மதினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

“மதினி, ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ராஜி வேன் கதவுல ஒரு பழுது இருக்கும் போல. நான் சொன்னா கேக்க மாட்றா. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

“அடக் கடவுளே! புள்ளைங்க போற வண்டியாச்சே! கதவா?”

“மெதுவா மதினி, மெதுவா.”

மதினியின் இரண்டு கையிலும் மாவு. போன் சீனி டின்னில் சாய்ந்து ஸ்பீக்கரில் இருந்தது. அது எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் லயத்தில் காம்பறாக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு கை அகலம் திறந்துதான் கிடக்கும். ஒரு வீட்டில் சொன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்ன மாதிரி. நாலாவது வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்தவள் நான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்பதே குப்பைத்தொட்டி வெளியே வரும் நாளில்தான் தெரிகிறது. பதினொரு வருடத்தில் சுவர் என்றால் சுவர் என்று நம்பிவிட்டேன்.

விடிந்ததும் பேச்சு, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போனது. பகலில் கொழுந்து எடுக்கிறவர்களோடு மலை ஏறியது. சாயங்காலம் பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் கூடும் பீலிக்கு வந்தபோது, அந்தப் பேச்சில் ராஜியின் வேன் கதவு வளைவில் கழன்று பள்ளத்தில் விழுந்து, ஒரு பிள்ளை மயிரிழையில் தப்பியிருந்தது.

6

வியாழக்கிழமை காலையில் எங்கள் வேனை கராஜுக்குக் கொண்டுபோனேன். முக்கால் மணி நேர வேலை. அங்கே இருந்த மெக்கானிக்கிடம் தங்கையின் கதையைச் சொன்னேன். புதுச் சாமானை எனக்குத் தர அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும், தேயும் இடம் எது, மாற்றம் செய்த புது லொக்கை எந்த அடையாளம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, போனில் வீடியோ எடுக்க விட்டார். இரண்டாவது தடவையும் மெதுவாகச் செய்து காட்டினார். இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே இதுதான். சட்டத்தைத் தாண்ட மாட்டார்கள், சட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்வார்கள்.

மத்தியானம் ராஜி கூப்பிட்டாள். முகத்தைக் காட்டவில்லை. வெறும் குரல்.

“அஞ்சு பிள்ளைங்கதாங்க்கா வந்துச்சு. பதினாலுல அஞ்சே அஞ்சு. மத்ததெல்லாம் பஸ்ஸுக்கு நிக்குது. நான் நிப்பாட்டுறேன், அதுங்க அம்மாமாரு என்னையப் பாக்காம வேற பக்கம் திரும்பிக்கிறாங்க.”

“ராஜி, நான் மதினிகிட்ட மட்டுந்தான்...”

“மதினிகிட்ட மட்டுமா! லயத்துல பொறந்தவதானே நீ? அங்க போயி அதுவும் மறந்து போச்சா? என்கிட்ட இன்னும் நாலு தடவ சண்ட போட்டிருக்கலாம்ல? பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்னு பீலியில நின்னு பேசுறாங்க. ஆறு வருசங்க்கா. ஒரே நாள்ல முடிச்சு விட்டுட்ட.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் வைத்துவிட்டாள். வீடியோவை அனுப்பினேன், அதோடு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அன்று முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குத் தேநீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இரவு ஒரு படம் வந்தது. கிரீஸ் படிந்த ஓர் உள்ளங்கையில் ஒரு சின்ன உலோக நாக்கு. அதன் முனை காகிதம் போலத் தேய்ந்து, ஒரு ஓரம் உடைந்திருந்தது. ராஜி வேனின் லொக்குக்குள் இருந்த சாமான் அது.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஹட்டனில் குணே பாஸின் கராஜில் நின்றாள். முப்பது வருடமாகத் தோட்டத்து லொறிகளைத் திருத்தித் தமிழ் பழகிய சிங்களவர்.

“பாஸ் என்னா சொன்னாரு தெரியுமா? ‘நங்கி, இது ஒரு மாசங் கூடத் தாங்காது’ன்னாரு.” நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. “அந்தக் கதவுப் பக்கம் ரெண்டாம் ஆண்டுப் புள்ள ஒண்ணு ஒக்காரும்க்கா. நித்திர தூங்கித் தூங்கிக் கதவுலதான் சாயும்.”

அக்காவும் தங்கையும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதோம். பின்னால் குணே பாஸ் யாரிடமோ சாவி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து மாற்று லொக் பஸ்ஸில் வந்தது. வீடியோவில் பார்த்த அதே அடையாளம். பாஸ் மாட்டினார். ராஜி நூறு தடவை இழுத்துப் பார்த்தாளாம். நூறு என்றால் எண்ணிய நூறு.

ஞாயிற்றுக்கிழமை நான் புத்தி சொன்னேன். வாய் சும்மா இருக்காதே!

“பாஸ் பாத்தாரு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு, பீலியில பேசுனதெல்லாம் புளுகுன்னு சொல்லிரு. இப்பதான் சரியாயிருச்சே. பழசச் சொல்லி என்னாத்துக்கு?”

“இல்லக்கா. பாதிய நீ சொல்லிட்ட. மீதிய நான் சொல்லிக்கிறேன்.”

7

திங்கட்கிழமை. நான் இல்லத்துச் சாப்பாட்டு மேசையில் டிபன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். வட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. அங்கே போனைப் பிடித்திருந்தது பாக்கியம் மதினி. செய்த குற்றத்துக்குக் கழுவாயாக ராஜி அவரிடம் போனைக் கொடுத்திருக்கிறாள்.

“தெரியுதா புஷ்பா? தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே முதலில் தன் மூக்கைக் காட்டினார்.

இன்னும் சரியாக விடியாத பனியில் லயத்துக்கு முன்னால் வேன் நின்றது. சீருடைப் பிள்ளைகளும் அப்பா அம்மாமாரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், கிட்ட வரவில்லை. ராஜி அந்தத் தேய்ந்த உலோக நாக்கைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“எல்லாரும் பாருங்க. கதவு கழண்டு விழல. ஆனா பழுது இருந்துச்சு, அது உண்மதான். எங்கக்கா சொன்னிச்சு, நாந்தான் கேக்கல. லீவு வரட்டும்னேன். தப்பு என் பேர்லதான். இப்ப புது லொக் போட்டாச்சு. நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே உள்ள ஏறி ஒக்காந்து தொறந்து பாருங்க. தொறந்துச்சுன்னா இன்னையோட வேன நிப்பாட்டிர்றேன்.”

யாரும் நகரவில்லை. பிறகு சுப்பையா அண்ணன் முன்னால் வந்தார். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று பீலிவரை கேட்கும்படி சொன்னவர் இவர்தானாம். அவர் ஏறினார். அவர் பின்னால் அவர் சம்சாரம், இன்னும் இரண்டு அம்மாமார், ஒரு தாத்தா. ராஜி குமிழை இறக்கி, கதவைச் சாத்தினாள்.

“இழுங்கண்ணே!”

இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் சிவந்தது. ஒவ்வொருவராக இடம் மாறி உட்கார்ந்து இழுத்தார்கள். வெளியே நின்ற பிள்ளைகள் எண்ணத் தொடங்கின. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று கூச்சல். பெற்றோர் எல்லாம் உள்ளே, பிள்ளைகள் எல்லாம் வெளியே. இங்கே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி என்ன என்று எட்டிப் பார்த்தாள்.

“சரி புள்ள, போதும்! பெரட்டுக்குப் போகணும், தொறந்து விடு!” என்று உள்ளே இருந்து சுப்பையா அண்ணன் கத்தினார்.

ராஜி திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கைகாட்டினாள். அது எம்பி, வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. கதவு திறந்தது. சுப்பையா அண்ணன் இறங்கினார். ராஜியின் முகத்தைப் பார்க்காமல், தன் மகளின் புத்தகப்பையை வாங்கி வேனுக்குள் வைத்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கின. ரொட்டிப் பொட்டலங்கள், குடைகள், தள்ளுமுள்ளு.

போன் ராஜி கைக்கு மாறியது. கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரல் பழைய அதட்டல் குரல்.

“அக்கா, பன்னண்டு ஏறிருச்சு. ரெண்டு இனிமே பஸ்ஸுலயே போகுதாம். பரவால்ல, அதுங்களும் பத்திரமாப் போனா சரி.”

“ராஜி, நான் ஒங்கிட்ட...”

“அப்புறம் பேசுவோம். போன வையி, நான் கதவச் சாத்தணும்.”